பேய்ப் பிலத்து நீல மீன்

லாஸ் வேகாஸ் என்ற பெயருக்குப் பொருள் புற்றரைகள் என்பதாகும். ஸ்பானிய மொழியிலே 'வேகா' என்றால் ஈரம் பொருந்திய பசும்புல் வெளி. இரவைப் பகலாக்கும் விளக்குகளுக்கும் சூதாட்ட மாளிகைகளுக்கும் பேர்போன அந்நகரிலே சென்று இறங்குகின்ற எவருக்கும், இப்பெயர் எவ்வாறு வாய்த்தது என்னும் ஐயம் எழாமற் போகாது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெந்த மலையும் வெளுத்த மணலுமே தோன்றுகின்றன. எனினும் பெயர் பொய்யன்று. அங்கே முற்காலத்தில் ஊற்றுக்கள் இருந்தன. பாலையைக் கடந்து சென்ற வணிகக் கூட்டத்தார் அவ்வூற்றுக்களின் அருகே தங்கி இளைப்பாறினர். பின்னர் புகைவண்டி வந்தது, ஊர் வளர்ந்தது, கிணறுகள் பெருகின. 1962ஆம் ஆண்டில் அவ்வூற்றுக்கள் நிலத்தின்மேல் வருவதை நிறுத்திக்கொண்டன.

எனது பழைய மாணவர் ஒருவர் அந்நகரிலே எந்திரியாகத் தொழில் பார்க்கிறார். 2025ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே அவருடைய வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். உலகப் புகழ்பெற்ற ஹூவர் அணையை எனக்குக் காட்டவேண்டும் என்பது அவருடைய விருப்பம். நான் கேட்டதோ வேறோரிடம்.

"என்ன சேர், எல்லாரும் அணையைப் பார்க்கத்தான் வாறவை. நீங்கள் இரண்டு மணித்தியாலம் ஓடிப்போய் ஒரு கிடங்கைப் பார்க்கவேணும் என்கிறீங்களே!" என்று அவர் சிரித்தார்.

அவர் சொன்னது முழுவதும் சரியே. டெவில்ஸ் ஹோல், அதாவது பேயின் பிலம் என்பது, பார்வைக்கு ஒரு கிடங்குதான். ஆனால் அந்தக் கிடங்கில் வாழும் ஓர் அங்குல நீளமுங்கூட இல்லாத மீனினம் ஒன்றின் பொருட்டு ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 1976ஆம் ஆண்டிலே தீர்ப்பு வழங்கியது. ஆற்றையும் ஊற்றையும் இருந்தபடியே இருக்கவிடுவதும் ஓர் உரிமையாகுமா என்பதே அவ்வழக்கின் வினா. இவ்வழக்கைப் பற்றிப் படித்த நாள் முதலாக அவ்விடத்தைக் காணவேண்டும் என்ற ஆவல் எனக்கு இருந்தது.

அதிகாலையிலே புறப்பட்டோம். லாஸ் வேகாசிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் பாதை, ஸ்பிரிங் மலைத்தொடரைக் கடந்து பாரம்ப் என்னும் ஊரை அடைகின்றது. இந்தப் பாரம்ப் பள்ளத்தாக்கிலும் மான்ஸ் என்னும் பெயருடைய ஒரு நல்லூற்று இருந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு மீன் அதில் வாழ்ந்தது. சுற்றுப்புறத்துக் கமங்களுக்கு நிலத்தடி நீரை இறைத்து இறைத்து, 1975ஆம் ஆண்டில் அவ்வூற்றும் வற்றிப்போயிற்று. நல்ல வேளையாக 1971இல் அம்மீன்களிற் சிலவற்றை வேறிடத்துக்குக் கொண்டு சென்றிருந்தனர்; அதனால் இனம் பிழைத்தது. ஆக, நாங்கள் சேருமிடத்தை அடையும் முன்னரே, செத்த ஊற்றுக்கள் உள்ள ஊர்கள் இரண்டைக் கடந்துவிட்டோம்.

பாரம்புக்கு அப்பால் மனித வாசம் அருகிவிடுகின்றது. சிறிது தூரத்தில் அமர்கோசா ஆற்றின் பள்ளத்தாக்கு வருகிறது. ஆறு என்றால் கரையும் நீரும் எதிர்பார்ப்போம். இது வேறு மாதிரியான ஆறு. அமர்கோசா என்ற சொல்லே கசப்பைக் குறிப்பது. அதன் நீர் உப்புக் கரிக்கும். நெவாடா மாநிலத்து மலைகளிலே தொடங்கி, ஏறக்குறைய 180 மைல் சென்று, கலிபோர்னியாவிலுள்ள மரணப் பள்ளத்தாக்கில் முடியும் இந்த ஆறு, பெரும்பாலான தூரத்தை மணலுக்கடியிலேயே கடக்கிறது. அங்கங்கே சில மைல் தூரம் வெளியே தலைகாட்டும், மறுபடி மறையும். ஆற்றுப் படுகை என்று என் மாணவர் காட்டிய இடத்தில் வெண்ணிறப் புழுதி எழும்பிற்று.

ஆயினும் அந்தப் புழுதிக்கு நடுவே ஆஷ் மெடோஸ் என்னும் பசுமைத் திட்டு ஒன்று உண்டு. ஏறத்தாழ 23,000 ஏக்கர் பரப்பு. சமஷ்டி அரசாங்கத்தின் வனசீவராசிக் காப்பிடம். இங்கே பல ஊற்றுக்கள் இன்றும் சுரக்கின்றன. கிறிஸ்டல் ஊற்றின் கரைக்குச் செல்ல மரப்பலகையாலான நடைபாதை அமைத்திருக்கிறார்கள். வெயில் நூறு பாகைக்கு மேலே கொதிக்க, அந்த ஊற்றின் நீலமும் தெளிவும் கண்ணை நம்பவிடாமற் செய்தன. இந்நீர் இவ்வாண்டு பெய்த மழையன்று. சென்ற நூற்றாண்டு மழையுமன்று. தொலைவிலுள்ள உயர்ந்த மலைகளிலே பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் விழுந்த மழையும் பனியும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடாக மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து இங்கே வெளிப்படுகின்றன. உலகில் வேறெங்கும் காணக்கிடையாத செடிகளும் உயிர்களுமாக இருபத்தைந்துக்கு மேற்பட்டவை இந்தச் சிறு பரப்பினுள் இருக்கின்றன என்கிறார்கள். பலகைப் பாதையிலே குனிந்து நின்றபோது, நீல நிற மீன்குஞ்சுகள் போன்றவை ஒன்றையொன்று துரத்தி விளையாடுவதைக் கண்டோம். இவை குஞ்சுகளல்ல, வளர்ந்த மீன்களே. நாய்க்குட்டிகளைப் போல் துள்ளுவதால் 'பப்ஃபிஷ்', அதாவது நாய்க்குட்டி மீன், என்று இவற்றுக்குப் பெயரிட்டார்கள். நாம் தேடி வந்த மீனுக்கு இவை ஒன்றுவிட்ட சகோதரர்.

பேய்ப் பிலம் இக்காப்பிடத்தின் நடுவே ஒரு குன்றின் அடியில் இருக்கிறது. ஆனால் அது தனி உரிமை நிலம். மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவைச் சேர்ந்த, அதனின்றும் பிரிந்து கிடக்கும் 40 ஏக்கர் துண்டு. உயர்ந்த கம்பி வேலி சுற்றிலும் நிற்கிறது. காவற் படக்கருவிகள் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டிலே மதுமயக்கத்தில் மூவர் வேலி தாண்டி உட்புகுந்ததன் விளைவாக ஒரு மீன் இறந்தது. நீரில் இறங்கியவருக்குச் சிறைவாசம் கிடைத்தது. பார்வையாளருக்கென்று பாறையின் மேலே, கம்பிக் கூண்டு போன்ற ஒரு மேடை உண்டு. அதிலே நின்று நாங்கள் கீழே பார்த்தோம்.

பாறை பிளந்த ஓர் ஆழமான பள்ளம். ஏறத்தாழ 50 அடிக்குக் கீழே, 65 அடி நீளமும் 10 அடி அகலமுமான ஒரு நீர்த்துண்டு. அவ்வளவுதான். ஆனால் அந்நீரின் அடியை இதுவரை எவரும் கண்டதில்லை. முக்குளிப்போர் 400 அடிக்கு மேலே இறங்கியும் முடிவைக் காணவில்லை. 1965ஆம் ஆண்டில் இறங்கிய இளைஞர் இருவரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. மேடையில் நின்றபோது எனக்கு எங்கள் புத்தூர் நிலாவரைக் கிணறு நினைவுக்கு வந்தது. அதுவும் சுண்ணாம்புக்கல் இடிந்து உண்டான ஆழக்கிணறு. அதுவும் அடிகாணாதது என்று பெயர்பெற்றது. சிறுவயதில் அதன் விளிம்பிலே நின்று எட்டிப் பார்த்தபோது உண்டான அதே நடுக்கம், இந்த வயதிலும் உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உலகின் மறுபுறத்திலே நிலம் நடுங்கினாலும் இந்த நீர் அறியும். 2022 செப்ரெம்பரில் மெக்சிக்கோவில் ஏற்பட்ட பூகம்பத்தால், அரை மணி நேரத்துக்குள் இங்கே நான்கடி உயர அலை எழுந்தது.

நீர்த்துண்டின் ஒரு மூலையிலே நீருக்குச் சற்றுக் கீழாக ஒரு பாறைத் தட்டு இருக்கிறது. சுமார் 8 அடி அகலம். நீளம் 20 அடிக்குள். மீன் உண்ணும் பாசி வளர்வது இத்தட்டில். அது முட்டையிடுவதும் இத்தட்டில். நீரின் வெப்பம் எக்காலமும் 93 பாகை அளவினது. குளிர்காலத்தில் சில வாரங்கள் நேர்வெயில் அங்கே எட்டிப்பார்ப்பதேயில்லை. ஏறக்குறைய ஓராண்டே ஆயுளுடைய இம்மீன், அத்தட்டை நம்பியே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. ஏதேனுமொரு முதுகெலும்புள்ள பிராணியின் இனம் முழுவதும் இதைவிடச் சிறிய இடத்திலே வாழ்வதாக அறிஞர் கண்டதில்லை. அது எக்காலத்தில், எவ்வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்பதில் இன்னும் அவர்கள் ஒருமனப்படவில்லை.

இனி வழக்குக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிலே 'கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும்' என்ற தொடரைக் கண்டிருப்பீர்கள். நிலத்தோடு நீரும் சேர்ந்தே கைமாறும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே வழக்கம் அதுவன்று. பொன் தேடிச் சென்றோர், ஆற்றுக்குத் தொலைவிலே குழி தோண்டியவர்கள், மரப்பீலிகளை அமைத்து நீரைத் தங்கள் குழிகளுக்குக் கொண்டுசென்றனர். முதலில் எடுத்தவன் யாரோ அவனுக்கே முதல் உரிமை என்று அவர்களிடையே ஏற்பட்ட ஒழுங்கு, பின்னர் மாநிலங்களின் சட்டமாயிற்று. ஆற்றங்கரையில் காணி இருப்பதாற் பயனில்லை. நீரை எடுக்கவேண்டும், எடுத்து ஏதேனும் ஒரு தொழிலுக்குப் பயன்படுத்தவேண்டும். பயன்படுத்தாமல் நெடுநாள் விட்டால் உரிமை அழியும். இச்சட்டத்தின் கண்ணிலே, ஆறு ஆறாகவே ஓடட்டும் என்று விட்டுவைப்பவன் உரிமையற்றவன். ஆற்றை வற்றும்வரை எடுத்தவன் உரிமையுள்ளவன். வரண்ட நாட்டிலே கமம் செய்ய வந்தோருக்கு அது ஓர் உறுதியைத் தந்தது என்பதையும் மறுக்கலாகாது. ஆனால் காட்டுக்கும் மீனுக்கும் அதிலே இடமில்லை. பிற்காலத்தில் பல மாநிலங்கள் இக்குறையைத் திருத்தின. அந்நாளில் அத்தகைய சட்டங்கள் அருமை.

மேற்கிலே மிகப் பெரும் காணிக்காரர் சமஷ்டி அரசாங்கமே. நெவாடா மாநிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிலம் அதற்குரியது. அந்நிலத்தில் ஓடும் நீரைக் காக்க அதற்கு வழியென்ன? வழி வந்தது மொன்டானா மாநிலத்து மில்க் ஆற்றிலிருந்து. 1888இல் அங்கே பழங்குடி மக்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. பின் வந்த குடியேறிகள் ஆற்றை மேலே மறித்து நீரை எடுத்துக்கொண்டனர். பழங்குடி மக்களைக் கமம் செய்து வாழுங்கள் என்று நிலத்தில் இருத்திவிட்டு நீரைப் பிறருக்கு விட்டதாகக் கொள்வது பொருந்தாது. நிலத்தை ஒதுக்கியபோதே அதற்கு வேண்டிய நீரும் சொல்லாமலே ஒதுக்கப்பட்டது என்று 1908இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. காடுகளுக்கும் காப்பிடங்களுக்கும் இந்நியாயம் பொருந்தும் என்பதை 1963இல் அந்நீதிமன்றமே கூறிற்று.

பேய்ப் பிலத்தை ஒதுக்கியவர் ஜனாதிபதி ட்ரூமன், ஆண்டு 1952. பண்டைக்கால ஏரிகளின் எச்சமாகிய அந்நீர்நிலையையும், அதில் மட்டுமே வாழும் மீனையும் அவருடைய பிரகடனம் பெயர்சொல்லிக் குறிப்பிட்டது. 1968ஆம் ஆண்டிலே, இரண்டரை மைலுக்கு அப்பால் 12,000 ஏக்கர் நிலமுடைய ஒரு பண்ணைக் குடும்பத்தார் நீரிறைக்கும் யந்திரங்களை இயக்கினர். அவர்களும் சோம்பேறிகளல்லர். எழுபது இலட்சம் டொலருக்கு மேல் முதலிட்டவர்கள்; எண்பதுக்கு மேற்பட்டோருக்கு வேலை கொடுத்தவர்கள். நாலாயிரம் ஏக்கரிலே கோதுமையும் வாற்கோதுமையும் அல்ஃபால்ஃபாத் தீவனமும் பெர்முடாப் புல்லும் வளர்த்தார்கள். பெர்முடாப் புல் என்பது வேறொன்றுமன்று. நாம் பிள்ளையாருக்குச் சாத்துகின்ற அறுகுதான்! அந்த அறுகை மேய்ந்து பெருத்த மாடுகள் ஆயிரத்து எழுநூறுக்கு மேல்.

ஆனால் பண்ணைக் கிணறும் பேய்ப் பிலமும் அடியிலே ஒரே நீர்ப்படுகை. பிலத்தின் சுவரிலே 1962இல் பதித்த ஒரு செப்பு வளையம் உண்டு. நீர் மட்டத்தை அதிலிருந்தே அளந்து வந்தனர். 1968 வரையில் நீர் வளையத்துக்கு 1.2 அடி கீழே நிலையாக நின்றது. 1969இல் 2.3 அடி, 1970இல் 3.17; 1971இல் 3.48, 1972இல் 3.93. மூன்றடிக்குக் கீழே இறங்கினால் பாறைத் தட்டு வெளியே தெரியத் தொடங்கும். தட்டு காய்ந்தால் பாசியில்லை, முட்டையில்லை.

பூங்கா அதிகாரிகள் 1970இல் மாநிலத்து நீர் அதிகாரியிடம் சென்று முறையிட்டனர். உங்கள் பெயரிலே பதியப்பட்ட நீருரிமை எதுவுமில்லை என்று முறையீடு தள்ளப்பட்டது. மாநிலச் சட்டத்தின்படி அவ்விடை சரியானதே. யாரும் அப்பிலத்திலிருந்து ஒரு வாளி நீர் அள்ளியதில்லை அல்லவா? 1971இல் சமஷ்டி அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. 'மீனைக் கொல்' என்றும் 'மீனைக் காப்பாற்று' என்றும் எழுதிய சீட்டுகளை மோட்டார் வண்டிகளில் ஒட்டிக்கொண்டு அவ்வட்டாரத்து மக்கள் இரு கட்சியாயினர். நகைப்பதற்குரிய செய்தி போலத் தோன்றினும், ஒரு தொழிலாளியின் சம்பளத்தையும் ஒரு மீனையும் எதிரெதிரே நிறுத்தினால் அவன் யாது சொல்வான்?

1976 யூன் மாதத்திலே பிரதம நீதியரசர் பேர்கர் தீர்ப்பை எழுதினார். நீதியரசர் எவரும் மாறுபடவில்லை. 1952இல் நிலத்தை ஒதுக்கியபோதே மீன் வாழ்வதற்கு வேண்டிய நீரும் ஒதுக்கப்பட்டது; பண்ணையார் 1968இலேயே இறைக்கத் தொடங்கினார்; ஆதலின் முந்திய உரிமை பிலத்துக்கே. கிணற்று நீரானாலும் இந்த உரிமையைக் குலைக்க விடமுடியாது. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மாநிலங்களின் 'முந்தியவனுக்கு முதல்' என்ற விதியை நீதிமன்றம் உடைக்கவில்லை. அவ்விதியைக் கொண்டே, எடுக்காதவனையும் வரிசையில் நிற்க வைத்தது.

அதேசமயம் தீர்ப்பு பண்ணையை மூடச் சொல்லவுமில்லை. மீனுக்கு வேண்டிய அளவு எதுவோ அவ்வளவே உரிமை. அதற்கு மேல் ஒரு துளியுமில்லை. செப்பு வளையத்துக்கு மூன்றடிக்குக் கீழே நீர் இறங்காதபடி இறைத்துக்கொள்ளலாம் என்று வைத்தனர். பின்னர் அதனை 2.7 அடியாக்கினர். நூலறிவு மிக்க நியாயவாதிகள் ஐந்தாண்டு வாதாடிய வாதமெல்லாம், முடிவிலே ஒரு செப்பு வளையத்திலும் ஓர் அடிக்கோலிலும் வந்து நின்றது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இந்நியாயம் எங்கும் வென்றுவிடவில்லை. இரண்டே ஆண்டு கழித்து, 1978இல், நியூ மெக்சிக்கோவின் கிலா வனத்தில் ஓடும் மிம்ப்ரஸ் ஆற்றைப் பற்றிய வழக்கு வந்தது. ஆற்றிலே மீன் வாழவும் மக்கள் உல்லாசமாகப் பொழுதுபோக்கவும் ஒரு குறைந்தபட்ச ஓட்டம் வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது. காடுகளை ஒதுக்கிய 1897ஆம் ஆண்டுச் சட்டம் மரத்தையும், பிறர் பயன்படுத்துவதற்கான நீரோட்டத்தையுமே கருதிற்று, மீன் அதன் முதன்மையான நோக்கமன்று என்று கூறி, ஐந்து நீதியரசர் மறுத்தனர், நால்வர் மாறுபட்டனர். ஒதுக்கும்போது எழுதிய சொல்லே பிற்காலத்தில் ஓர் ஆற்றின் விதியாகிறது. ட்ரூமனின் பிரகடனத்தை எழுதிய எழுத்தர் மீனைப் பற்றிய ஒரு வரியைச் சேர்க்காமல் விட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நான் மேடையிலே நின்று எண்ணிப் பார்த்தேன்.

நாங்கள் கடந்து வந்த அமர்கோசா ஆற்றுக்கும் இத்தகைய காப்பு ஓரளவு கிடைத்திருக்கிறது. கலிபோர்னியாவுக்குள் அது வெளியே ஓடும் ஏறத்தாழ 26 மைலை, இயற்கை நிலையில் விடவேண்டிய ஆறுகளின் பட்டியலிலே 2009இல் காங்கிரஸ் சேர்த்தது. பட்டியலிடுவதற்கான 1968ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு வேண்டிய நீரை உடன் ஒதுக்குகிறது. ஆனால் உரிமை பட்டியலிட்ட நாளிலிருந்தே தொடங்கும். அதற்கு முன்னே வரிசையில் நிற்பவர்கள் பலர்.

பண்ணையின் கதை வேறுவிதமாக முடிந்தது. இறைப்புக்கு அளவு வந்தபின் நிலம் கைமாறி, அங்கே ஒரு புதிய நகரத்தையே எழுப்பும் திட்டம் பிறந்தது. 1984இல் இயற்கைக் காப்புச் சங்கமொன்று அந்நிலத்தை வாங்கி அரசாங்கத்திடம் சேர்ப்பித்தது. நாங்கள் காலையிலே கண்ட காப்பிடம் அவ்வாறு தோன்றியதே. 2023ஆம் ஆண்டில் அதன் எல்லையருகே லிதியம் தேடித் துளையிட ஒரு கம்பெனி முனைந்தது. வழக்குத் தொடரப்பட்டதும் அதற்களித்த இசைவை நில அதிகாரிகள் மீட்டுக்கொண்டனர்.

நீர் நின்றது; மீன் நின்றதா? ஆண்டில் இருமுறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், முக்குளிப்போர் இறங்கி எண்ணுகிறார்கள். 2013 வசந்தத்தில் எண்ணியபோது 35 மீன்களே இருந்தன. காரணம் இன்னதென்று அறுதியிட முடியவில்லை. அவ்வாண்டிலேயே, அருகிலுள்ள ஒரு நிலையத்தில் பிலத்தைப் போலவே தட்டும் வெப்பமும் அமைத்து, ஒரு இலட்சம் கலன் கொள்ளும் தொட்டியிலே அவ்வினத்தை வளர்க்கத் தொடங்கினர். 2024 வசந்தத்தில் பிலத்து மீன்கள் 191 ஆகப் பெருகின. அவ்வாண்டு முடிவிலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் நேர்ந்த பூகம்பங்களின் அலைகள், பாசியையும் முட்டையையும் தட்டிலிருந்து அலசிக்கொண்டு போயின. 2025 வசந்தக் கணக்கு 38.

இவற்றையெல்லாம் நான் சொல்லக் கேட்ட மாணவர் கம்பியில் முகத்தை வைத்துக் கீழே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மேடையிலிருந்து மீன் தெரியாது. நீர் மட்டும் தெரிந்தது. அதுவும் நண்பகல் வெயில் விழும் இடத்தில் மாத்திரம்.

"சேர், அடுத்த முறை எப்ப எண்ணுவினம்?" என்று கேட்டார்.

இலையுதிர் காலத்திலே என்றேன்.

"அப்ப நான் பார்த்து உங்களுக்கு எழுதிவிடுறன்" என்றவர், தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.